சைலன்சரை மாற்றினால் வேகம் கூடுமா?

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் கார்கள் திண்டிவனத்தில் திரும்பி, செஞ்சிக் கோட்டையைத் தாண்டி, 77ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக ஊருக்குள் நுழைகின்றன. சனி, ஞாயிறுகளில் அந்த வரிசையில் போலோ ஜிடி, விர்டஸ் ஜிடி, ஐ20 என் லைன், ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற வேகக் கார்களைப் பார்க்கலாம். எப்போதாவது ஒரு போர்ஷேயும் வரும். அவற்றில் சிலவற்றைக் கண்ணுக்கு முன் காது கண்டுபிடித்துவிடும். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு ‘ஃப்ரீ ஃப்ளோ’ மாட்டியவை அவை. இன்னும் சிலவற்றில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே இருக்காது. மாற்றியவரைக் கேட்டால், “பிக்கப் கூடியிருக்கு” என்பார். மாட்டிக் கொடுத்தவர் பத்து, பதினைந்து குதிரைத்திறன் கூடும் என்று சொல்லியிருப்பார்.

உண்மையில் கூடுவது என்ன? எந்த இஞ்சினில், எந்த மாற்றத்தால், எவ்வளவு? அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்? இயந்திரவியல், பந்தயத்துறை, சட்டம், சுற்றுச்சூழல் என்று நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும் விடைகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகை வெளியேறும் வழி

நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் எரிந்த வாயு இரண்டு கட்டமாக வெளியேறுகிறது. பிஸ்டன் கீழ்முனையைத் தொடுவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துகொள்ளும். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தால் வாயு தானாகப் பீறிட்டு வெளியே போகும். இது முதல் கட்டம். மீதியை மேலேறி வரும் பிஸ்டன் தள்ளி அனுப்ப வேண்டும். வெளியே குழாய் நெருக்கமாக இருந்தால், தள்ளும் வேலைக்கே இஞ்சினின் சக்தி கொஞ்சம் செலவாகும். போகாமல் தங்கிவிட்ட பழைய வாயு, புதுக் காற்று வந்து நிரம்ப வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘பேக் பிரஷர்’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த எதிரழுத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. வாயு ஓட்டம் இரண்டு மடங்கானால் அது ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, இஞ்சினை நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்று ஓட்டும்போதுதான் குழாயின் நெருக்கம் உறைக்கும். இரண்டாயிரம் சுற்றில், அரை மிதியில், ஊருக்குள் போகும்போது அது இருப்பதே தெரியாது. அருணாசலேசுவரர் கோயிலின் ராஜகோபுர வாசல் சாதாரண நாளின் கூட்டத்துக்குத் தாராளம். தீபத்தன்றுதான் அது குறுகலாகத் தெரியும். குழாயை அகலப்படுத்துவதன் பலனும் அப்படி உச்ச நெரிசலுக்கு மட்டுமே உரியது. பொதுச் சாலையில் ஓடும் காருக்கு அந்த உச்சம் சில நொடிகளுக்கு மேல் வாய்ப்பதில்லை.

“பேக் பிரஷர் கொஞ்சம் இருக்கணும், இல்லேன்னா இழுவை போயிடும்” என்று பட்டறைகளில் சொல்வார்கள். அனுபவம் சரி, காரணம்தான் தவறு. எதிரழுத்தத்தால் எந்த இஞ்சினுக்கும் நன்மை இல்லை. நன்மை தருவது குழாய்க்குள் ஓடும் அழுத்த அலை. வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை புறப்படுகிறது. குழாய் திடீரென அகலமாகும் இடத்தில் அது எதிர்மறை அலையாகத் திரும்பி வருகிறது. உள்வரும் வால்வும் வெளியேறும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் இந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்துவிடும். புதுக் காற்றையும் உள்ளே இழுத்து வரும்.

600 டிகிரி வெப்பத்தில் இருக்கும் புகையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 580 மீட்டர் ஓடும். 80 சென்டிமீட்டர் நீளக் குழாயில் அலை போய்த் திரும்ப மூன்று மில்லி நொடிக்கும் குறைவாகவே ஆகும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் இஞ்சினில் அதற்குள் கிராங்க் தண்டு சுமார் 100 பாகை சுழன்றிருக்கும். 3,000 சுற்றில் அதில் பாதிதான். ஒரு வேகத்தில் சரியாக வந்து உதவும் அலை, இன்னொரு வேகத்தில் நேரம் தவறி வரும் என்பது இதிலிருந்து விளங்கும். குழாயின் நீளமும் விட்டமும் எந்தச் சுற்றுவேகத்துக்கு அளவெடுக்கப்பட்டனவோ அங்கேதான் பலன். அளவில்லாமல் அகலக் குழாய் மாட்டினால் மேலே ஓர் எள் கூடும், கீழே ஓர் எள் குறையும். நகரத்தில் இழுவை போய்விட்டதாகப் பலர் உணர்வது இதனால்தான்.

கன்வெர்ட்டரின் கதையும் அதன் கெட்ட பெயரும்

கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பது தேன்கூடு போலத் துளைகள் கொண்ட பீங்கான் அல்லது உலோகத் துண்டு. கம்பெனி கார்களில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அல்லது அதற்கும் மேற்பட்ட துளைகள் இருப்பது வழக்கம். அவற்றின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். புகை அந்தச் சுவர்களைத் தடவிக்கொண்டு போகையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகின்றன. இந்த மூன்று வேலையும் ஒன்றாக நடக்க வேண்டுமானால் பெட்ரோலும் காற்றும் ஒன்றுக்கு 14.7 என்ற எடை விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். அதைக் கண்காணிக்கவே புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. 250, 300 டிகிரி வரை சூடேறிய பிறகுதான் கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கும்.

பிரான்சிலிருந்து அமெரிக்கா போன பொறியாளர் யூஜின் ஹூட்ரி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தைப் பார்த்து 1950களில் கார்களுக்கான கன்வெர்ட்டரை உருவாக்கினார். பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த உலோகப் பூச்சை மூடிச் செயலிழக்கச் செய்ததால், அவருடைய கருவி உடனே சாலைக்கு வரவில்லை. 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களிலிருந்து கன்வெர்ட்டர் பரவலாயிற்று. ஆக்சிஜன் சென்சாரோடு சேர்ந்து மூன்று நச்சையும் ஒருசேரக் கையாளும் வகையை, 1977 மாடலாகக் கலிஃபோர்னியாவில் விற்ற கார்களில் வால்வோ கொண்டுவந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுக்க வந்துசேர 2000 பிப்ரவரி ஆனது.

கன்வெர்ட்டர் இஞ்சினின் கழுத்தை நெரிக்கும் என்ற எண்ணம் அமெரிக்காவின் அந்த 1975ஆம் ஆண்டிலிருந்தே புறப்பட்டது. அந்த ஆண்டின் செவர்லே கார்வெட் 5.7 லிட்டர் இஞ்சினை வைத்துக்கொண்டு அடிப்படை வடிவில் வெறும் 165 குதிரைத்திறன்தான் தந்தது. ஐந்தாண்டுக்கு முந்தைய விளம்பரங்களில் 300 என்று போட்டிருந்த கார் அது. பழி புதிதாக வந்த கன்வெர்ட்டரின் மேல் விழுந்தது. உண்மையில் தரக்குறைவான ஈயமில்லாப் பெட்ரோலுக்காக இஞ்சின்களின் அழுத்த விகிதம் 1971 முதலே குறைக்கப்பட்டிருந்தது. 1972இல் திறனை அளக்கும் முறையே மாறியது. உபகரணங்கள் எதுவும் மாட்டாத இஞ்சினை மேடையில் ஓட்டி அளந்த காலம் போய், எல்லாம் பொருத்திய நிலையில் அளக்கத் தொடங்கினார்கள். அன்றைய கன்வெர்ட்டர்கள் நெருக்கமானவை என்பதும் உண்மை. ஆனால் முழு இறக்கத்துக்கும் அதுவே காரணமில்லை.

பத்தே ஆண்டில் மறுப்பும் வந்தது. 1985இல் போர்ஷே வெளியிட்ட 944 டர்போ, கன்வெர்ட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே 220 குதிரைத்திறனைத் தந்தது. அடுத்த ஆண்டு அந்தக் காருக்கென்றே தொடங்கிய கோப்பைப் பந்தயத்தில் கார்கள் கன்வெர்ட்டரோடுதான் ஓடின. இன்று இந்தியச் சாலையில் ஓடும் விர்டஸ் ஜிடியின் ஒன்றரை லிட்டர் டர்போ இஞ்சின் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டு, கன்வெர்ட்டரோடு 150 குதிரைத்திறன் தருகிறது. அதாவது அந்தப் பழைய கார்வெட்டின் இஞ்சினில் கால்வாசிக்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவில் ஏறத்தாழ அதே அளவை எட்டுகிறது. கன்வெர்ட்டர் இருந்தால் திறன் இல்லை என்ற வாதத்துக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை.

எந்த மாற்றத்துக்கு எவ்வளவு பலன்

‘எக்ஸாஸ்ட் மாற்றுவது’ என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பலனும் வேறு.

எளிமையானது, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மாற்றுவது. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இஞ்சினில் இதன் பலன் பொதுவாக ஒன்று முதல் மூன்று விழுக்காடு. 83 குதிரைத்திறன் கொண்ட 1.2 லிட்டர் ஸ்விஃப்டில் அது ஒன்றோ இரண்டோ குதிரைத்திறன். திருவண்ணாமலையில் மார்கழி விடியலின் 20 டிகிரிக்கும் அக்னி நட்சத்திர மதியத்தின் 40 டிகிரிக்கும் இடையே காற்றின் அடர்த்தி ஆறு விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. அதே கார் சித்திரை மதியத்தில் இழக்கும் திறன், பல ஆயிரம் ரூபாய் சைலன்சர் கூட்டித் தரும் திறனைவிட அதிகமாக இருக்கும்.

அடுத்தது ‘ஹெடர்’. நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்றுசேரும் முதல் பகுதியை, முன்னே சொன்ன அலைக் கணக்குப்படி அளவெடுத்துச் செய்த தனித்தனிக் குழாய்களாக மாற்றுவது. நான்கு குழாய் இரண்டாகி ஒன்றாகும் வகை நடுத்தரச் சுற்றுவேகத்துக்கும், நான்கும் நேரே ஒன்றாகும் வகை உச்ச வேகத்துக்கும் உதவும். டர்போ இல்லாத இஞ்சினில் உருப்படியான பலன் தரும் மாற்றம் இதுதான். கூடவே இஞ்சினின் கணினியையும் புது அளவுக்கு ஏற்ப ரீமேப் செய்ய வேண்டும். ஆனால் இன்றைய கார்கள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகக் கன்வெர்ட்டரை இஞ்சினை ஒட்டியே வைக்கிறார்கள். ஹெடரை மாற்றினால் கன்வெர்ட்டரும் சேர்ந்து போகும். போலோ, விர்டஸ் கார்களின் 1.0 லிட்டர் டர்போ இஞ்சினில் ஹெடர் என்ற தனிப் பகுதியே கிடையாது. அது சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது கன்வெர்ட்டர் மாற்றம். இதில் இரண்டு வழி. ஒன்று, சதுர அங்குலத்துக்கு 200 அல்லது 100 துளை கொண்ட ‘ஸ்போர்ட்ஸ் கேட்’ பொருத்துவது. மற்றது, கன்வெர்ட்டரையே வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை ஒட்டவைப்பது. தரமான ஸ்போர்ட்ஸ் கேட்டுக்கும் வெறும் குழாய்க்கும் இடையே திறனில் தெரியும் வித்தியாசம் மிகச் சிறிது. புகையில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரிது. இதனாலேயே வெளிநாடுகளில் பொறுப்பான கடைகள் கன்வெர்ட்டர் இல்லாத குழாயைப் பந்தயத்துக்கு மட்டும் என்று சொல்லி விற்கின்றன.

நான்காவது, டர்போ கார்களில் டர்பைனை அடுத்து வரும் குழாயான ‘டவுன்பைப்’பை மாற்றுவது. இங்கே கணக்கே மாறிவிடுகிறது. டர்பைனைச் சுழற்றுவது அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்தத்தின் விகிதம். முன்னால் 2.5 பார், பின்னால் 1.3 பார் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 1.9. பின்னழுத்தத்தை 1.1 ஆகக் குறைத்தால் விகிதம் 2.3க்கு நெருங்கும். டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும், அதிகக் காற்றைத் தள்ளும். ஆக, புகைக்குழாய் மாற்றம் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் டர்போ கார்தான். ஆனாலும் கூடுதல் திறனில் பெரும்பங்கு டவுன்பைப்பிலிருந்து வருவதில்லை. காற்றழுத்த அளவை உயர்த்தும் ரீமேப்பே அதைத் தருகிறது. குழாயைத் தொடாமல் ரீமேப் மட்டும் செய்தாலே டர்போ பெட்ரோல் கார்களில் 15 முதல் 25 விழுக்காடு வரை கூடுவதுண்டு. டவுன்பைப் அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும், வெப்பத்தைக் குறைக்கும்.

கூடிய திறன் போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி பெட்டி 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்காக வடிவமைக்கப்பட்டது. விர்டஸ் ஜிடியின் ஒன்றரை லிட்டர் இஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் கிளட்ச், கியர்பெட்டி ஆகியவற்றின் ஆயுளிலிருந்து கடன் வாங்கியது. இந்தக் கடனுக்கு வாரண்டியும் துணைக்கு வராது.

ஐந்தாவது, கடைக்காரர்கள் அதிகம் பேசாத ஒன்று: அடைத்துப்போன கன்வெர்ட்டர். பிளக் சரியாகப் பற்றாமல் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் தேன்கூடு உருகிவிடும். இஞ்சின் ஆயில் புகையோடு கலந்து வந்தால் துளைகள் படிந்து அடைபடும். அப்படிப்பட்ட கார் நாலாயிரம் சுற்றுக்கு மேல் ஏறவே ஏறாது. அதன் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்தால் கார் பறப்பதுபோல் இருக்கும். “கேட்டை எடுத்தேன், கார் புதுசாயிடுச்சு” என்ற சாட்சியங்களில் ஒரு பகுதி இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கே திரும்பக் கிடைத்தது இழந்திருந்த பழைய திறன்தான். ஆக்சிஜன் சென்சார் துளையில் மீட்டரை வைத்து அழுத்தத்தைப் பார்த்தால் அடைப்பா இல்லையா என்பது தெரிந்துவிடும். அடைப்பு என்றால் புதிய கன்வெர்ட்டர் பொருத்தினாலே அந்தப் பலன் முழுவதும் கிடைக்கும்.

காது சொல்வதும் கடிகாரம் சொல்வதும்

அப்படியானால் இத்தனை பேர் வேகம் கூடியதாக ஏன் உணர்கிறார்கள்? வேகத்தை உடம்பு நேரடியாக அளப்பதில்லை. ஓசை, அதிர்வு, பின்னால் ஓடும் மரங்கள் எல்லாவற்றையும் கூட்டி மதிப்பிடுகிறது. நான்கு சிலிண்டர் இஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 முறை புகை வெடித்து வெளியேறும். மூன்று சிலிண்டரில் 75 முறை. சைலன்சரின் அறைகளும் பஞ்சும் அந்த வெடிப்புகளை மழுங்கடிக்கின்றன. அவற்றை நீக்கினால் மிதித்த கணமே முழக்கம் எழுகிறது. இஞ்சின் உடனுக்குடன் பணிந்ததாக மனம் முடிவு செய்துவிடுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எடுத்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தால், பத்தில் ஒரு நொடி குறைந்ததா என்பதே சந்தேகமாக இருக்கும்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது படபடவென்று வரும் ‘பட்டாசுச் சத்தம்’ இன்னொரு மயக்கம். எரியாத பெட்ரோல் குழாய்க்குள் எரிவதுதான் அது. கார் முன்னே போக அதில் ஒரு துளியும் உதவாது. டர்பைனையும் மிச்சமிருக்கும் கன்வெர்ட்டரையும் சேர்த்து எரிக்கும்.

மோசமான பொருத்துதலின் விளைவுகள் வேறு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் வெல்டிங்கில் ஒரு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதை ஆக்சிஜன் மிகுதி என்று படித்து, கணினி பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழும். கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள இரண்டாவது சென்சார் மாற்றம் நடக்கவில்லை என்று கண்டு, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை ஏற்றும். அந்த விளக்கை ஏமாற்றி அணைத்தவர்கள், பிறகு இஞ்சினில் உண்மையான கோளாறு வந்தாலும் எச்சரிக்கை கிடைக்காமல் போகும் நிலைக்கு ஆளாகிறார்கள்.

பந்தயத் தடம் வேறு

இதெல்லாம் புகைக்குழாய்க் கலையைப் பழிப்பதாகாது. தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடத்தை அமைத்தது. கோவையில் கரிவர்தன் குறைந்த செலவில் பந்தயக் கார்களைக் கட்டி ஒரு தலைமுறையை வளர்த்தார். அவர் பெயரால் செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. அந்தக் கோவை மண்ணிலிருந்தே நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1க்குப் போனார். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது.

தடத்தில் ஓட்டுபவர் சுற்றின் பெரும்பகுதியை முழு மிதியில், உச்ச சுற்றுவேகத்தில் கழிக்கிறார். அங்கே இரண்டு விழுக்காடு என்பது வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான தூரம். இரும்பில் ஏறக்குறைய அறுபது விழுக்காடே அடர்த்தி கொண்ட டைட்டானியத்தில் குழாய் செய்து எடை குறைப்பதும் அங்கே அர்த்தமுள்ள செலவு. அந்தக் காருக்கு எதிரே சைக்கிளோ மாடோ வராது. சோதனைக் குழுவும் விதிப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கும். வேகத்தில் மெய்யான நாட்டமுள்ள இளைஞருக்கு, சைலன்சருக்குச் செலவழிக்கும் பணத்தில் தடத்தில் ஒரு நாள் பயிற்சியும் நல்ல டயரும் அதைவிடக் கூடுதல் வேகம் தரும்.

புகையின் கணக்கு

நன்றாகச் சூடேறிய, பழுதில்லாத கன்வெர்ட்டர் மூன்று நச்சுகளிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சமாக வந்துகொண்டிருந்த பத்தில் ஒரு பங்குக்குப் பதில் முழுப் பங்கும் வெளியே வரும். கன்வெர்ட்டர் இல்லாத ஒரு கார், கன்வெர்ட்டர் உள்ள பத்துக் கார்களின் நச்சைத் தனியாகக் கக்குகிறது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் வெயிலில் சேர்ந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் திருவண்ணாமலை.

2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 விதிகளுக்காகப் பெட்ரோலில் கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். கன்வெர்ட்டரைக் கந்தகம் கெடுக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். சுத்திகரிப்பு ஆலைகள் அந்த ஒரு மாற்றத்துக்கே பெரும் பணம் செலவிட்டன. அத்தனைக்கும் பிறகு காரின் அடியில் ஓர் அடி நீளக் குழாயை ஒட்டவைத்து எல்லாவற்றையும் வீணாக்கிவிடலாம் என்பது இந்தப் பொருளின் முரண்.

புகைச் சோதனை இதைப் பிடித்துவிடாதா? பி.எஸ். 4க்குப் பிந்தைய பெட்ரோல் கார்களில், இஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாத கார் நேர்மையான சோதனையில் தடுமாறும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. கையில் ‘பொல்யூஷன் சர்டிபிகேட்’ இருப்பதால் மட்டும் வண்டி சுத்தமாகிவிடாது.

சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அசல் விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை அளவுகளை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே மூன்று மாதம் உரிமம் பறிபோகும் நிலையும் உண்டு. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்திருந்தால் விபத்தின்போது இழப்பீட்டிலும் சிக்கல் வரும்.

ஒலிக்கும் அளவு இருக்கிறது. புதிய காருக்கு, ஓடிக் கடக்கும் சோதனையில் 74 டெசிபல். 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 80. டெசிபலில் பத்து கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. ஊரின் இரைச்சலில் கார்களைவிடப் பெரும்பங்கு புல்லட்களுக்கும் மற்ற பைக்குகளுக்கும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 349 சிசி, 20 குதிரைத்திறன் கொண்ட இஞ்சினில் சைலன்சரை மாற்றி ஒரு குதிரைத்திறன் கூடினாலே ஆச்சரியம். விசாகப்பட்டினம், பெங்களூரு போன்ற நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைக் காவல்துறை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சிகள் செய்திகளில் வந்தன. மாட்டியவர்களைப் பிடிப்பதைப் போலவே விற்பவர்களையும் பொருத்துபவர்களையும் கேள்வி கேட்டால்தான் இது குறையும்.

கிரிவலப் பாதையில் இதன் பொருள்

திருவண்ணாமலைக்கு இந்தக் கேள்வியில் தனி அக்கறை இருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்களையும் கும்பிட்டபடி, வெறுங்காலோடு, இரவெல்லாம் மக்கள் நடக்கிறார்கள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். மற்ற நாட்களில் நடப்பவரும் வண்டியும் ஒரே சாலையில்தான். ரமணாசிரமத்தின் வாசலில் போவது செங்கம் சாலை. அதுவே கிரிவலப் பாதையின் ஒரு துண்டும்கூட. முதியவர்களும், தோளில் குழந்தையைச் சுமந்தவர்களும் அங்கே சுவாசிப்பது முன்னால் போகும் வண்டியின் புகையைத்தான். அந்தப் பாதையில் எந்தக் காரும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வழியில்லை. மாற்றிய குழாயின் திறன் அங்கே ஒரு துளியும் பயன்படாது. அதன் சத்தமும் நச்சும் மட்டும் முழு அளவில் அங்கே இறங்கும்.

முடிவாக

தொகுத்துச் சொன்னால்: சைலன்சரை மட்டும் மாற்றுவதால் டர்போ இல்லாத காரில் கிடைப்பது ஓசைதான், வேகம் பெயரளவுக்கே. டர்போ காரில் ரீமேப்பும் டவுன்பைப்பும் மெய்யான பலன் தரும். அதற்கான விலையைக் கியர்பெட்டியும் வாரண்டியும் கட்டும். கன்வெர்ட்டரை எடுத்துவிடுவதால் ஸ்போர்ட்ஸ் கேட்டைவிடக் கிடைக்கும் கூடுதல் பலன் அற்பம். அதன் தீங்கு குறைந்தது பத்து மடங்கு. தன் கார் மந்தமாகிவிட்டது என்று நினைப்பவர் குழாயை வெட்டும் முன் பிளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று, கன்வெர்ட்டர் அடைப்பு ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லட்டும். இத்தனைக்குப் பிறகும் வேகம்தான் வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டைக்கும் செட்டிப்பாளையத்துக்கும் போகலாம். திருவண்ணாமலைக்கு வரும்போது கம்பெனி சைலன்சரோடு வாருங்கள்.